நகவெட்டி

தணிகாசலம் கடப்பாரையை ஊன்றிவிட்டுக் கேட்டார்:
"இன்னாம்மா, இதுக்குப் போயி ரெண்டடி பள்ளமா?
கத்தாழைதானே கீது."
கத்தாழை இல்லை என்றேன்.
பனங்கன்றா?
அதுவும் இல்லை.
யூக்கா என்று சொல்லிப் பார்த்தேன்.
தும்மினேன் என்று நினைத்தாரோ என்னவோ,
மறுபடி குத்தத் தொடங்கினார்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
வரவேற்பறைக்குப் புது சோபா வந்த அன்று
குப்பை வண்டிக்குப் போக நின்றது இது.
எபிநேசர் தூக்கி வந்தார்,
காட்பாடி பஸ்ஸில், மடியில் வைத்து,
குத்தாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு.
லக்கேஜ் என்று கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

அப்புறம் ஆறு வாடகை வீடு.
சத்துவாச்சாரியில் மாடிப்படிக்கு அடியில்.
கொசப்பேட்டையில் மீட்டர் பெட்டி ஓரம்,
சிமென்ட் தொட்டிக்கு அங்கேதான் மாறியது.
தோட்டப்பாளையத்து வீட்டுக்காரம்மா
மண்ணைத் தோண்டக் கூடாதென்று
அக்ரிமென்டிலேயே எழுதி வாங்கினார்.
பேரன் தவழ ஆரம்பித்ததும்
கண்ணில் குத்திடும், எடுத்துப் போடுங்கள் என்றார்.

போடவில்லை.
மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சுக்குக் கிளம்புமுன்,
எபிநேசரின் நகவெட்டியால்
முனை முனையாக நறுக்கினேன்.
நாற்பது, நாற்பத்தைந்து நகம்.
அந்தப் பையன் வளர்ந்து சைக்கிள் ஓட்டினான்.
அப்போதும் நறுக்கினேன்.
அடுத்த வீட்டிலும் யாராவது தவழ்வார்கள்.

இப்போது கழிஞ்சூரில் இரண்டே கால் சென்ட்,
பதினெட்டு வருடக் கடன்.
எல்லாம் கட்டி முடித்த பிறகு
பின்பக்கம் மிஞ்சியது ஆறுக்கு எட்டடி.
ஒரு சாண் மண்.
அதற்குக் கீழே சுக்கான்கல்,
உடைந்த டைல்ஸ், நீலப் பாலிதீன்,
யாருடையதோ ஒரு எவர்சில்வர் ஸ்பூன்.
துடைத்துத் தன் டிபன் பையில் போட்டுக்கொண்டார் தணிகாசலம்.

தட்டினோம், உருட்டினோம், தொட்டி விடவில்லை.
சுத்தியலின் மூன்றாவது அடியில் பிளந்தது.
உள்ளே மண் என்று சொல்ல ஒன்றுமில்லை.
வேர்தான். சுற்றிச் சுற்றி, கயிற்று உருண்டைபோல,
விளிம்பின் கோடுகூடப் பதிந்து.
தொட்டி போன பிறகும்
தொட்டியாகவே நின்றது.
"அறுத்து வுடும்மா. இல்லாங்காட்டி
உள்ளாறயும் இப்பிடியேதான் சுத்தினு கெடக்கும்."

கொடுவாளை வாங்கினேன். அப்போதுதான் போன்.
கம்பெனி செய்யாறுக்குப் போகிறதாம்,
ஜூன் மாதத்துக்குள்.
அங்கே வாடகை குறைவாம்.
பின்னால் யந்திரங்களின் இரைச்சல்.
செடியை நட்டாச்சா என்று கேட்டார்.
நட்டாச்சு என்றேன்.
இடது கையில் அதன் கழுத்து,
வேர் இன்னும் வெயிலில்.

நான்கு பக்கமும் அறுத்தேன்.
முள்ளங்கி வாசனை மாதிரி ஒன்று.
இறக்கி, மண் தள்ளி, மிதித்தோம்.
காயம் ஆறும்வரை ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதே என்று
நர்சரிக்காரர் சொல்லியிருந்தார்.
குழாய் வராத நாளிலும்
என் குடத்திலிருந்து ஒரு சொம்பு குடித்த செடி.
மூன்றாம் நாள் இரவு
சொம்போடு போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

செய்யாறைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.
அவர் போகவர எத்தனை மணி நேரம் என்று
காலண்டர் பின்புறம் கணக்குப் போட்டிருக்கிறார்.

பழைய இலைகள் மொட்டையாகத்தான் நிற்கின்றன,
நுனியெல்லாம் பழுப்பு.
நடுவில் புதிதாக மூன்று.
முதல் ஞாயிறு வந்தது.
நகவெட்டியால் என் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டேன்.
துணி காயப்போடக் கையை ஓங்கியபோது
முழங்கையில் ஒன்று சுருக்கென்று ஏறியது.
ரத்தம், கடுகளவு.
அடேயப்பா என்றேன்,
சத்தமாகவே.