மூன்றாம் சீசனுக்குப் பிறகு

சஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சின் உறையாமலிருக்க
மின்கம்பியைச் செருகிவிட்டு
முதலாமாண்டு மாணவர்களிடம்
ஒரு கல்லறையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

முன்வரிசையில் டேரல் டூப்பான்.
பனியனில் ஒரு டைனோசர்,
அதன் முதுகில் தாடிவைத்த ரட்சகர்.
கையைத் தூக்காமலே கேட்கிறான்:
"அப்படி ஒருத்தர் இருந்தாரா இல்லையா,
ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், டாக்டர் ஹ்னாட்யுக்."

இருபத்திரண்டு வருடமாக
அடிக்குறிப்புகளில் குடியிருப்பவளிடம்
ஒரே வார்த்தை.

இருந்தார் என்றுதான் நினைக்கிறேன், என்றேன்.
புனைகிற எவனும் தன் நாயகனைப்
பேர்தெரியாத பட்டிக்காட்டில் வளர்த்து
அடிமைகள் சாகும் சாவைக் கொடுக்கமாட்டான்.
சொல்லி முடிக்குமுன்பே என் வாதம்
ஒரு கால் குட்டையான நாற்காலிபோல் ஆடியது.
புனைகிறவர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்?

டேரல் குறிப்பெடுக்கவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னேன்.
மிகப் பழைய பிரதிகளில்
கதை அவர்களோடு நின்றுவிடுகிறது:
விடியற்காலை, மூன்று பேர், கையில் நறுமணத் தைலம்,
கல் புரண்டு கிடக்கிறது.
ஓடுகிறார்கள். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.
கிரேக்கத்தில் கடைசிச் சொல்
'ஏனென்றால்' எனப் பொருள்படும் ஓரசை.
கிணற்றுச் சுவரில் உட்கார்ந்த பிள்ளைபோல்
காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறது.

எவனோ ஒரு நகலெடுப்பவனுக்குப் பொறுக்கவில்லை.
பன்னிரண்டு வசனம் வந்து ஒட்டிக்கொண்டன:
பாம்பைப் பிடிக்கலாம், நஞ்சு குடிக்கலாம், ஒன்றும் ஆகாது.
நடை வேறு. மூச்சு வேறு.
ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபமில்லை,
அவனை எனக்குத் தெரியும்,
அவன் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறான்,
பதினைந்து வயது, பெயர் சோலோமியா.

அவளுடைய விண்கலத் தொடரை
மூன்றாம் சீசனோடு நிறுத்திவிட்டார்கள்.
கேப்டன் கதவைத் திறந்து வெளியே அடியெடுக்கிறாள்,
திரை இருள்கிறது. அவ்வளவுதான்.
இரண்டு நாள் அழுதாள் சோலோமியா.
மூன்றாம் நாள் எழுத ஆரம்பித்தாள்
(நாள்கணக்கை நான் ஜோடிக்கவில்லை).

வின்னிபெக்கில் ஒருத்தியும் எழுதுகிறாள்,
லிமாவில் ஒருவன்.
"அவன் எழுதினது கணக்கில் வராதும்மா,
கேப்டன் அப்படிப் பேசவே மாட்டாள்."
அவித்த வரேனிகியை முள்கரண்டியால் குத்தியபடி
என் மகள் தீர்ப்புச் சொல்கிறாள்.

ஒரு பேரரசன் முன்னால்
ஒரே பிற்பகலில் ஓட்டெடுத்து
புனித நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பான் டேரல்.
அவனுக்கு அதைச் சொன்னது ஏதோ ஒரு சினிமா.
அப்படியில்லை, தம்பி.
சிலர் சிலதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.
இரவல் கொடுத்தார்கள். கிழிந்தால் மறுபடி எழுதினார்கள்.
மற்றவற்றைக் கேட்க ஆளில்லாமல் போனது.
எகிப்து மணலில் அவை
குப்பையோடு குப்பையாகக் கிடந்தன,
வரிபாக்கிச் சீட்டுக்கும்
யாரோ ஒருத்தியின் கழுதை விற்ற ரசீதுக்கும் நடுவில்.

"நீங்கள் நம்புகிறீர்களா?"
வகுப்பு முடிந்து, தொப்பியைக் காதுக்கு இழுத்தபடி
டேரல் மெதுவாகக் கேட்டான். கிண்டல் இல்லை.
வெள்ளிக்கிழமைகளில் கோயில் நிலவறையில்
இருநூறு பேருக்கு மாவு பிசைவேன் என்றேன்.
அது பதிலில்லை என்றான்.
இல்லைதான்.

இரவு சோலோமியா தன் முடிவைக் காட்டினாள்.
நான்கே பக்கம்.
கேப்டன் திரும்பி வருகிறாள்.
எப்படி என்பதற்கு விளக்கமில்லை.
எல்லோரும் பேயைக் கண்டதுபோல் உறைந்திருக்க
ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு
"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்கிறாள்.

"எங்கிருந்து பிடித்தாய் இதை?"
"எங்கிருந்தும் இல்லை. நானாகத்தான்."

அவள் கோயிலுக்கு வந்து ஆறு வருடமாகிறது.
வேறொருவர் இதை முன்பே எழுதியிருக்கிறார்,
செத்தவர் திரும்பி வந்து
மீன் துண்டொன்றைத் தின்றார் என்று.
நாக்கு நுனிவரை வந்தது.

ஜன்னலுக்கு வெளியே
மின்கம்பி செருகிய கார்கள்
வரிசையாக மூச்சடக்கி நின்றன.
நன்றாக இருக்கிறது, என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.