அரை ரிங்

அட்டையில் ஃபெயில் என்று எழுத மாட்டார்கள்.
ரெஃபர் என்று நீல மையில் எழுதி
கீழே ஒரு தேதி போடுவார்கள்.
அந்தத் தேதிக்கும் கீழே, பென்சிலில், என் நம்பர்.

ராத்திரி பதினொன்றே கால்.
உளுந்தைக் கிரைண்டரில் போட்டிருந்தேன்.
ஒரு மிஸ்டு கால், அரை ரிங்.
கை நடுங்கினால் அவ்வளவுதான் வரும்.
ஆறு வருஷத்துக்கு முன்னால்
முலுந்தில், முகம் தெரியாத ஜாக்ருதிபென்னுக்கு
நானும் அப்படித்தான் கொடுத்தேன்.
அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
பேட்டரி எந்தக் கடையில் மலிவு,
மழைக்காலத்தில் மிஷினை
சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவை,
இவ்வளவுதான் பேசினாள்.
அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.

கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன்.

எடுத்தாள். பேசவில்லை.
பின்னால் ஒரு ஃபேன், கடக் கடக் என்று.
அப்புறம் ஒரு லோக்கல் போனது,
வீட்டுக்குள்ளேயே போவதுபோல.
குர்லாவோ, கோவண்டியோ.
ரயில் போன பிறகும் குழந்தை சிணுங்கவில்லை.
அதை அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது
மூச்சில் தெரிந்தது.

சொல்லக் கூடாது என்று
சில வாக்கியங்களை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.
எல்லாம் சரியாயிடும், அதில் முதல்.
எனக்கு அதைச் சொன்ன யாரும்
பெரா டெஸ்டுக்கு வந்து பக்கத்தில் உட்காரவில்லை.

அதனால் தட்டைப் பற்றிச் சொன்னேன்.
எவர்சில்வர் தட்டு, குழம்புக் கரண்டி.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே
தொட்டிலுக்குப் பின்னால் நின்று அடித்தோம்,
நானும் அவரும் மாறி மாறி,
கீழ்வீட்டு பாண்டுரங் இரும்பு ஏணியில் ஏறிவந்து
என்ன பூஜை என்று கேட்கும்வரை.
கணபதியைக் கரைக்கப் போன ராத்திரி
நாசிக் டோல் சந்தே இடிய அடித்துக்கொண்டு போனது.
என் பிள்ளை தூங்கினாள்.
என்ன சமத்து, என்றார்கள் பக்கத்து வீட்டில்.
ஆமாம் என்றேன்.
அந்த ஆமாம் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

பெயரையும் சொன்னேன். பேச்சியம்மாள்.
குலதெய்வத்தின் பெயர்,
அட்டை வருமுன்பே வைத்தாயிற்று.
மாற்றிவிடு, ஊர் சிரிக்கும் என்று
ஆலங்குளத்திலிருந்து போன் மேல் போன்.
மாற்றவில்லை.
ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவில் அதே பெயர்தான்.
கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புவாள்.
மீதி நேரம் திரும்பாதது
காது இல்லை, திமிர்.

இதையெல்லாம் என் இந்தியில் சொன்னேன்.
தாராவியில் இட்லி விற்றுக் கற்ற இந்தி.
சில்லறைக் கணக்கு சரியாய் வரும்,
ஆண்பால் பெண்பால் வராது.
மேரா பேட்டி, மேரா பேட்டி என்று
பத்து நிமிஷம் ஓட்டியிருப்பேன்.

மேரீ, என்றாள்.

முதல் வார்த்தை.
அழுது கட்டின குரல், ஆனாலும் ஒரு டீச்சர் அதட்டல்.
பெண் பிள்ளையென்றால் மேரீ.
மேரீ பேட்டி.
சொல்லிவிட்டு மறுபடியும் ஒருதரம் சொன்னாள்.
அது எனக்குச் சொன்னதில்லை.

அரைபட்டும் அரைபடாமலும் கிடந்த உளுந்தில்
விரலை விட்டுக்கொண்டு நின்றேன்.

மிஷின் மாட்டினால், என்று ஆரம்பித்தாள்,
பால் கொடுக்கும்போது கழற்றணுமா?

டாக்டரிடம் கேட்க வாய் வராத கேள்வி.
கழற்ற வேண்டாம் என்றேன்.
மார்போடு ஒட்டினால் விசிலடிக்கும்,
கீ என்று, பயந்துவிடாதே.
முதல் வாரம் குக்கர் என்று நினைத்து
பிள்ளையோடு அடுப்புக்கு ஓடியிருக்கிறேன்.

சிரிப்பு என்று சொல்ல முடியாது அதை.
மூக்கிலிருந்து ஒரு காற்று.

தன் பெயரைச் சொல்லவில்லை இன்னும்,
பிள்ளையுடையதையும்.
இன்னொரு ரயில் வந்தது, இது நீளம்.
போகட்டும் என்று
இரண்டு பேரும் காத்திருந்தோம்.