கால் மணிக்கு ஒருதரம்

செவ்வாய் ராத்திரி பத்தே முக்காலுக்குப் போனது.
தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை
ஒரே மூச்சில்.

மின் நிலையத்துக்குள்ளும் இருட்டுதான்.
வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள்.
சமைக்கிறவள் பட்டினி கிடப்பதில்லையா என்ன.

கரண்ட் செய்யக் கரண்ட் வேண்டும்:
எண்ணெயை இறைக்க, உலைக்குக் காற்றூத,
கொதிகலனுக்குள் நீரைத் தள்ள.
எங்கள் எண்ணெய் எண்ணெய் மாதிரியே இராது;
ஆறிப்போன கரும்புப் பாகு, கந்தக நாற்றத்தோடு.
நூற்றிருபது டிகிரிக்குச் சுட்டால்தான்
தூறலாய்ச் சிதறி நெருப்புக்கு இணங்கும்.

அதுவரை சும்மா இருக்கவும் முடியாது.
டர்பைனின் தண்டு, நாற்பது டன்,
நின்ற இடத்திலேயே நின்றால்
வயிறு குளிர்ந்து முதுகு மட்டும் சூடாயிருந்து
வில்லாக வளைந்துவிடும்.
எவெலியோ, லிசாந்த்ரோ, நான்
கடப்பாரை கொடுத்து நெம்பினோம்
கால் மணிக்கு ஒருதரம், அரைச் சுற்று,
படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டுவதுபோல.
டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தான் லிசாந்த்ரோ.

தங்கை மிரேயாவின் போன்:
"ஒடாலிஸ், எப்போ வரும்?
பெட்டியில் கறி உருகுது."
என்னைத்தான் கேட்கிறாள்,
நானே முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல.

புதன் மத்தியானம்
பக்கத்து ஊர் டீசல் எஞ்சின்களிடமிருந்து
கொஞ்சம் கடனாக வந்தது.
பம்ப் இருமியது. விசிறி உறுமியது.
நீலக் கண்ணாடி வழியே பார்த்தேன்:
முதல் பர்னர் பிடித்துக்கொண்டது.

நல்ல ஆவி கண்ணுக்குத் தெரியாது.
எங்கோ சீறினால்
துடைப்பக் கட்டையை நீட்டியபடி நடப்போம்;
கட்டை துண்டாகிற இடத்தில் ஆவி இருக்கிறது.
அதுதான் தண்டைச் சுழற்றுகிறது,
பிறகு கடல்நீர்க் குழாய்களில் பட்டுச்
சாதுவாகத் தண்ணீராகிறது.
கடல் வாயிலில் பாசி அடைத்திருந்தது. வாரினோம்.

நிமிடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு சுற்று.
இனி ஊசி.
கம்பியில் முன்பே நடக்கிற அலையோடு
எங்கள் அலையும் அதே காலை எடுத்து வைக்க வேண்டும்.
தப்பினால் தண்டே முறியும்.
ஊசி வட்டமிடுகிறது, ஒன்பது, பத்து,
ஹவானாவிலிருந்து போனில் யாரோ மூச்சுவிடுகிறார்கள்,
பதினொன்று,
பன்னிரண்டைத் தொட ஒரு மயிரிழை இருக்கையில்
பிடியைத் திருப்பினேன்.

டக்.

எவெலியோ மெல்ல ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
நாங்கள் கைதட்டுகிற பழக்கமில்லை.

வீட்டுக்குப் போனபோது எங்கள் தெரு இருட்டு.
இன்றைய முறையில் எங்கள் லைன் இல்லை.
மிரேயா கறியெல்லாம் கரியடுப்பில் வாட்டி
தெருவுக்கே போட்டுவிட்டாள்;
எனக்கு ஒரு எலும்பு மூடி வைத்திருந்தாள்.
எதிர்வீட்டு ஆனெசியா கேட்டாள்,
"எப்போ வரும்?"
தொட்டியில் மூன்று நாள் எண்ணெய்தான் மிச்சம்.
அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி தூக்கத்தில்
கால் மணிக்கு ஒருதரம் புரண்டு படுத்தேனாம்.
மிரேயா சொன்னாள்.