கூடுதல்: 169 டன்

முதல் வாரம் பூரா டிக் அடித்தேன்.
ராமநாதபுரம், அரண்மனைக்குப் பின்னால் மாடி அறை,
பச்சைப் பென்சில்.
டீசல் வவுச்சர், சாக்கு வாங்கிய பில்,
கோயில் கொடைக்கு எழுதிய ஐந்நூறு.
கையெழுத்து இருந்தால் டிக்,
இல்லாவிட்டால் சின்ன வட்டம்.
வாப்பா போனில் கேட்டார்:
என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க?
வட்டம் போட, என்றேன்.

இரண்டாம் வாரம் உப்பளம்.
சாயல்குடி தாண்டி, மூக்கையூர்ச் சாலையில்
பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனதும்
கச்சான் காற்று என் ஃபைலை வாங்கி
ஒரு தாள் விடாமல் சரிபார்த்தது.
ஜெபஸ்டின் அண்ணன்,
ஆர்ட்டிகிள் மூன்றாம் வருடம்,
டேப்பின் ஒரு முனையைக் கையில் கொடுத்து
"ஏறு" என்றார்.

உப்பு அம்பாரத்தில் ஏறுவது பற்றி
ஆடிட்டிங் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.
கால் வைத்தால் நொறுங்கும்.
கண் திறந்தால் வெள்ளை, வெள்ளை மட்டும்.
நீளம் அகலம் உயரம்,
சரிவுக்குக் கழிவு,
கன அளவு டன்னாக.
பதினொரு அம்பாரம் ஏறி இறங்கி
நாலு மணிக்குக் கால்குலேட்டர் சொன்னது 2009.
புத்தகம் சொன்னது 1840.

குறைந்திருந்தால் கேட்கத் தெரியும் எனக்கு:
மழையா, திருட்டா,
லாரி ஏதும் பில் போடாமல் போனதா.
கூடியிருந்தால் என்ன கேட்பது?
மேனேஜர் பூவலிங்கம் சிரித்தார்.
"கூடத்தானம்மா இருக்கு, கொறையலையே."
ஆளுக்கொரு கலர் வாங்கிக் கொடுத்தார்.
குடித்தோம்.

அப்புறம்தான் கூலிப் பதிவேடு.
நாற்பது நடை ஒரு டன்.
அப்படியென்றால் தலைப்பெட்டி ஒன்றுக்கு
இருபத்தைந்து கிலோ.
யார் நிறுத்தது, எந்த வருடம், எந்தத் தராசில்?
தாள் இல்லை.
வட்டம் போட்டேன்.

வரப்பில் பவளக்கொடி.
என் வயசு. பிளஸ் டூவில் அவளும் காமர்ஸ்.
தலையில் சும்மாடு, செருப்பைச் சுற்றி
சைக்கிள் டியூப் கட்டு.
அவள் பெட்டியை இறக்கி
சாக்கு நிறுக்கும் மேடைத் தராசில் வைத்தோம்.
பெட்டி எடை போக இருபத்தேழு முந்நூறு.
அடுத்தது இருபத்தேழு நூறு.
அடுத்தது இருபத்தேழரை.

"ஈர உப்பும்மா, காஞ்சா எறங்கிரும்"
என்றார் பூவலிங்கம்.
"ஈரத்தையும் நாங்கதான தூக்குறோம்."
அவள் அதை என்னிடம் சொல்லவில்லை,
அவரிடமும் இல்லை.
தராசு முள்ளைப் பார்த்துச் சொன்னாள்.

முப்பத்தேழாவது நடையிலேயே டன் முடிந்துவிடுகிறது.
மிச்ச மூன்று நடை
எந்தப் பேரேட்டில் ஏறுகிறது என்று
சிக்கல் வரைக்கும் பஸ்ஸில் யோசித்தேன்.
அதற்குமேல் தூங்கிவிட்டேன்.

வினா எண் பதினான்கு.
ஜெபஸ்டின் அண்ணன் இரண்டு தரம் படித்தார்.
"சரியாத்தான் எழுதியிருக்க.
ஆனா கூலி கொறச்சுக் குடுத்தா
கம்பெனிக்கு என்ன நஷ்டம்?"
எனக்குப் பதில் வரவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது:
கொடுக்காத கூலி கடன்.
கடன் என்றால் பொறுப்புப் பக்கம்.
விளக்கைப் போட்டுக் குறித்துக்கொண்டேன்,
அறைத்தோழி திட்டினாள்.

ஆடிட்டர் சார் படித்துவிட்டு
அளவீட்டில் இவ்வளவு வித்தியாசம் சகஜம் என்றார்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தாளின் மூலையை மடித்து
"பாப்போம்" என்று டிராயரில் வைத்தார்.
எனக்குக் கொடுத்த சான்றிதழில்
கவனமானவர் என்று இருக்கிறது.

கடைசி நாள்
இருப்புப் பட்டியலில் கையெழுத்து வாங்க
மறுபடி உப்பளம் போனோம்.
அம்பாரங்களுக்குக் கீற்று மூடியிருந்தார்கள்.
பவளக்கொடி பெட்டியோடு எதிரே வந்தாள்,
நிற்காமலே கேட்டாள்.
"எழுதுனியா?"
"எழுதுனேன்."
என்னைக் கடந்து நாலெட்டு போய்
கழுத்தைத் திருப்ப முடியாமல்
உடம்போடு திரும்பினாள்.
"பேனாவுலயா, பென்சில்லயா?"