பத்து மில்லி

ஆலையில் பழம் வேகும் நாட்களில்
சுங்கை சிப்புட் முழுக்க ஒரே வாசனை.
காசில்லாமல் எல்லாருக்கும் கிடைப்பது.
கொஞ்சம் பழைய எண்ணெய்ச் சட்டி,
கொஞ்சம் ஈரச் சாக்கு.
கொடியில் காயும் பள்ளிச் சீருடையிலும் அதுதான்.
அதற்கு மேல்தான் நாங்கள்
எங்களுடையதை அடித்துக்கொள்ள வேண்டும்.

புட்டி லோகாம்பிகை வாங்கியது.
ஐம்பது மில்லி, இருநூற்றுத் தொண்ணூறு வெள்ளி,
ஈப்போவில், சம்பளத்துக்கு மறுநாள்.
தலைக்கு ஐம்பத்தெட்டு என்று
வேன் பின்னிருக்கையில் கணக்கு முடிந்தது.
கிளினிக்கில் வேலை செய்த காலத்து ஊசிக்குழாயால்
ஜெசிந்தா பங்கு பிரித்தாள்,
மூச்சை அடக்கி,
பிள்ளைக்கு மருந்து அளக்கிறவள் போல.
விரலில் வழிந்த ஒரு சொட்டைத்
துடைக்க யாரும் விடவில்லை.
ஒரு விரலைச் சுற்றி ஐந்து மூக்கு.

ஒரே புட்டிதான்.
என் மேல் பத்து நிமிஷம் ஆரஞ்சுத் தோல்,
அப்புறம் யாரோ ஊதி அணைத்த சூடம்.
தவமலர் மேல் ஏலக்காய்.
லோகாம்பிகை மேல் புதுச் செருப்புப் பெட்டி.
"எனக்கு நிக்கவே மாட்டேங்குதுடி" என்றாள் ஜெசிந்தா.
"மொதல்ல வேஸ்லின் தடவிட்டு அதுமேல அடி."
மறுநாள் வேனில் ஏறும்போதே கழுத்தை நீட்டினாள்.
நின்றிருந்தது.

காலை ஐந்தரை வேன் இப்படித்தான் பேசும்.
சன்ஸ்கிரீன் பூசினால் ஏன் நமக்கு மட்டும்
சுடலைக்குப் போய்வந்த முகம்?
மக்சிக் ரொக்கியா கொடுத்த பெடாக் செஜுக்
பருவுக்கு நல்லதா, தலையணை உறைக்குக் கெட்டதா?
பன்னிரண்டு மணி நேரம்
யார் யார் கைகளுக்கோ உறை எண்ணிவிட்டு
எங்கள் கைகள் வெடித்துக் கிடக்கின்றன.
ராத்திரி கிரீம் தடவி
மகனின் பள்ளிக் காலுறையைக் கையில் மாட்டித் தூங்குகிறேன்.
கனவில் ஒரு பூட்டையும் திறக்க முடிவதில்லை.

அஞ்சுகம் பங்குப் பணம் கொடுத்தாள்,
பேச்சில் மட்டும் சேரவில்லை.
டவுன் நகைக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம்,
முகம் பளிச்சென்று இருக்கணுமாம்.
பசார் மாலாமில் பெயர் ஒட்டாத டப்பா,
மஞ்சள் களிம்பு,
ஏழு ராத்திரியில் வெளுக்குமாம்.

எட்டாம் நாள் வேன் விளக்கில் பார்த்தோம்.
கன்னம் இரண்டும்
வெந்நீரில் போட்டெடுத்த தக்காளி.
துப்பட்டாவை இழுத்துக்கொண்டாள்.
யாரும் கேட்கவில்லை.
டிரைவர் கோதண்டம்கூட
கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்தார்.

சாயங்காலம் இறங்கும்போது அவள் பையில்
ஒரு கலமைன் புட்டி,
வாசனையே இல்லாத மாய்ஸ்சரைசர் அரை ட்யூப்,
அரசாங்க கிளினிக் திறக்கும் நேரம் எழுதிய சீட்டு.
(என் கையெழுத்து. நான் சொல்லவில்லை.)
டப்பாவைக் கேட்டது தவமலர்தான்.
"முப்பது வெள்ளிக்கா" என்றாள்,
கொடுக்க மனசில்லாமல்.
கொடுத்தாள்.

ஆறு வாரம் எதுவும் பூசக்கூடாது,
சோப்புகூட வேண்டாம் என்றார் டாக்டர்.
ஏறியதும் எங்கள் மணிக்கட்டுகளை
வரிசையாக மோந்து பார்ப்பாள்.
"இன்னிக்குக் கம்மியா அடிச்சிருக்கீங்க."
அவள் பங்கு பத்து மில்லி
லோகாம்பிகை வீட்டுக் குளிர்பெட்டியில்,
முட்டைகளுக்குப் பக்கத்தில்.

தோல் உரிந்தது. திட்டுத் திட்டாய்ப் புள்ளி விழுந்தது.
பிறகு ஓரங்களிலிருந்து பழைய கறுப்பு
தாளில் மை ஊறுவது போல் ஊறி வந்தது.
நகைக்கடையில் அதற்குள் வேறு யாரோ.

நேற்றுக் காலை திறந்தாள்.
காதுக்குப் பின்னால் ஒன்று,
முழங்கை மடிப்பில் ஒன்று.
நாலு பேரும் சாய்ந்தோம்.
ஆரஞ்சு இல்லை, ஏலம் இல்லை,
செருப்புப் பெட்டி நிச்சயமாக இல்லை.
என்னவென்று சொல்ல
யாருக்கும் வார்த்தை வரவில்லை.
வெளியே ஆலை
பழம் வேகவைத்துக்கொண்டிருந்தது.

"முட்டையா?" என்றாள் அஞ்சுகம்.

ரயில் பாலம் தாண்டும்வரை சிரித்தோம்.