நான்கு விநாடி

இரும்புக் கூண்டுக்குள் பெட்டி.
சாவி என் கழுத்தில்.
காலை எட்டேகாலுக்குப் பூட்டைத் திறந்தால்
தலைநகரத்து அம்மையார் வந்துவிடுவார்,
மூடுபனி தின்றது போக
மிச்சமிருக்கும் முகத்தோடு.
அவருக்குப் பதினைந்து நிமிடம்.
மீதி முப்பத்தைந்தும் என் பாடு.

நான் வரலாறு படித்தவள்.
வஹாகா மலையில் இந்த ஒற்றை அறைக்கு
கணிதம், உயிரியல், இலக்கணம் எல்லாம் நான்தான்.
பல நாள் பிள்ளைகளோடு சேர்ந்தே
நானும் முதன்முறையாகக் கேட்பேன்,
முன்பே தெரிந்தவள் போல் தலையாட்டியபடி.

அம்மையாருக்கு ஒரு வழக்கம்.
கேள்வி கேட்பார்.
புன்னகையோடு நான்கு விநாடி காத்திருப்பார்.
பிறகு, யார் எதைச் சொல்லியிருந்தாலும்,
"மிகச் சரி!"
இதை முதலில் கண்டுகொண்டவன் கிரிசோஃபரோ.
செல்லின் நடுவில் இருப்பது எது?
"கோவேறு கழுதை!"
"மிகச் சரி!"
வகுப்பே உருண்டு சிரிக்கும். நானும்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
நான்கு விநாடி.
மிகச் சரி, நூறு.
கரும்பலகையில் நூறு என்றெழுதி
அடிக்கோடும் போட்டேன்.

பள்ளிக்கென்று ஒரு வெப்பமானி இருந்தது,
வந்த அட்டைப் பெட்டியிலேயே, யாரும் தொடாமல்.
எவுஃபேமியா அதைக் கேட்டாள்.
மூன்று கல், விறகு, காப்பிப் பானை,
சுற்றிலும் பதினெட்டுத் தலைகள்.
தண்ணீர் தளதளத்தது.
பாதரசம் தொண்ணூற்றொன்றில் நின்றது.
விறகைத் திணித்தோம். ஊதினோம்.
டெல்ஃபினோ கெஞ்சிக்கூடப் பார்த்தான்.
தொண்ணூற்றொன்று.

"பொய் சொல்றது யாரு, டீச்சர்?
இந்தக் குழாயா, அந்தப் பெட்டியா?"

எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல
நான்கு விநாடிக்கு மேலாயிற்று.

யாரும் சாப்பிடப் போகவில்லை.
அலமாரியின் அடியில், எலி கடித்த புத்தகத்தில்,
அரைப் பக்கம் கிடைத்தது:
மேலே ஏற ஏறக் காற்று இளைக்கும்,
அழுத்த ஆளில்லாத தண்ணீர்
சீக்கிரமே குதித்துவிடும்.
இங்கே பீன்ஸ் வேக அரைநாள் ஆவது ஏன்?
முப்பது வருடமாகக் கேட்காமலே
தின்றிருக்கிறேன்.

சுவர் வரைபடத்தில் எவுஃபேமியாவின் விரல்
தலைநகரத்தைத் தேடிப் போய்
பழுப்பு நிறத்தில் நின்றது.
"டீச்சர், அவங்களும் மலைமேலதான் இருக்காங்க."
ஆமாம். எங்களைவிடச் சற்றே தாழ்வாக.
அந்த அம்மையார் குடிக்கும் காப்பியும்
ஒருநாளும் நூறைப் பார்த்ததில்லை.

மதியம் இரண்டரைக்கு
அதே பாடம் மறுபடி ஒளிபரப்பாகும்.
பூட்டைத் திறந்தேன்.
எவுஃபேமியா முன்கூட்டியே போய்
கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
கிரிசோஃபரோ வாயைப் பொத்திக்கொண்டான்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

"இங்க தொண்ணூத்தியொண்ணு," என்றாள்.
பிறகு, காதோடு சொல்வதுபோல் மெதுவாக:
"உங்க ஊர்ல தொண்ணூத்திமூணு."

புன்னகை.
"மிகச் சரி!"

நூறு வருமுன்
ஒலியைக் குறைத்துவிட்டேன்.