லாபம், ரெண்டு, மூணு

மின்விசிறியை நிறுத்தினால்தான் பாட்டு.
சித்திரை போயும் செல்லூரில் சுவர் ஆறவில்லை.
பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து
தொங்கும் சேலைகளுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாடுகிறேன்.
பாச்சா உருண்டை வாசனையில்
இதுவரை ஏழு பாட்டு.

மைக் ஞானஒளிவுபுரம் ஜெபஸ்டினுடையது.
கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன்.
பொங்கலுக்குள் தந்துரு என்றான்,
எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

எங்கேயிருந்து வருது உனக்கு, என்று கேட்டான் ஒருநாள்.
மழை என்றோ நிலா என்றோ சொல்லித் தப்பித்திருக்கலாம்.
கோரிப்பாளையத்து ஸ்கேன் சென்டரில்
ஆறு வருடமாக நான் பேசுகிற ஒரே வசனம்:
மூச்சை இழுங்க
அப்படியே பிடிங்க
விடுங்க.
முதல் பாட்டின் பல்லவி அதுதான்.
நாலாவது, தண்ணீர் ஏறாமல்
வெறும் காற்றை இழுக்கிற எங்கள் வீட்டு மோட்டார்.
ஐந்தரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.
நானும் அங்கேதான் நிற்பேன்.
மற்றதைச் சொன்னால் சிரிப்பான்.

எட்டாவது, ஒச்சப்பனுடையது.

பரவை மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர்.
கட்டணம் குறைவு என்று இரவு பதினோரு மணிக்கு வந்தார்.
வெள்ளி அரைஞாண், சுண்ணாம்பு டப்பி,
சட்டைப் பையில் ஒரு சாக்கு ஊசி,
எல்லாவற்றையும் தட்டில் வைத்தார்.
தாயத்துக்கு மட்டும் தயங்கினார்.
சத்தம் பலமா இருக்கும், அசையக் கூடாது,
பயமாயிருந்தா இந்தப் பந்தை அமுக்குங்க, என்றேன்.
பந்தை ஒருமுறை உருட்டிப் பார்த்து
தக்காளி கணக்கா இருக்கு என்றார்.

இயந்திரம் இடிக்கத் தொடங்கியது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஸ்பீக்கரில் அவர் குரல்.
லாபம்.
ரெண்டு.
மூணு.
நாலு இடிக்கு ஒரு மூட்டை.
இயந்திரம் வேகம் மாற்றினால் அவரும் மாற்றினார்,
அது நின்றால் நின்றார்,
முதுகில் சுமையோடு பலகையில் காத்திருப்பவர் போல.

வெளியே வந்ததும்,
இருநூத்திப் பதினேழு இறக்கிருக்கேன்ம்மா,
கூலி யாரு குடுப்பா, என்றார்.
சிரித்தேன்.
திரையில் பார்த்ததை நான் சொல்லக் கூடாது.
டாக்டர் சொல்வார்.
தாயத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கு வீடு வந்து சேர ஒரு மணி.
கீழ்வீட்டில் மாவு கிரைண்டர் ஓடத் தொடங்குவது
நாலே முக்காலுக்கு.
அதற்குள் பதினொரு டேக்.
லாபம் என்று தொடங்குகிற பாட்டில்
மூன்றாவது அடிக்கப்புறம் எட்டு அட்சரம் காலி.
வார்த்தை வராமல் இல்லை.
வந்தது.
வைக்கக் கூடாது.

அந்தக் காலி இடத்தில்
வைகைப் பாலத்து ரயில் ஒன்று
கேட்காமல் நுழைந்துவிட்டது.
ஜெபஸ்டின் அழிக்கச் சொன்னான், வழியும் சொன்னான்.
அழித்துப் பார்த்தேன்.
ரயிலோடு என் மூச்சும் போய்விட்டது.
இரண்டையும் திரும்ப வைத்தேன்.

ஆடியில் மறுபடி வந்தார் ஒச்சப்பன்.
சட்டை தொளதொளத்திருந்தது.
தாயத்தை முதலில் கழற்றினார் இம்முறை.
போன தடவை எத்தனை, ஞாபகம் இருக்கா, என்றேன்.
இருநூத்திப் பதினேழு.
கூலி இன்னும் வரல.

காதில் மாட்டிவிடுகிற ஹெட்போனில்
வழக்கமாக ஏதாவது சாமி பாட்டு ஓடும்.
என் போன் மேசையில் இருந்தது.
ஒயர் பொருந்தும்.
மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடிதான்.
கதவைச் சாத்தும்வரை யோசித்தேன்.
போடவில்லை.
எண்ணிக்கை தப்பிவிடும் அவருக்கு.

பொத்தானை அழுத்தினேன்.
லாபம்,
என்றார்.